வியாழாழ்ச்ச முடங்ஙும்

“அந்த நர்ஸ் இனிமே என் பிள்ளையைத் தொடக் கூடாது!”

ஆஸ்பத்திரி வராந்தாவில் இந்து போட்ட சத்தத்தில், டீ வாங்கி வந்த அஜய் பதறிப்போனான்.

“என்னாச்சு? மெதுவாப் பேசு.”

“அந்த ஜெஸ்னா போன்ல சிரிச்சுச் சிரிச்சுப் பேசுறா. ‘வியாழாழ்ச்ச மோனிஷேடெ முடங்ஙும்’ங்கிறா. என் காதால கேட்டேன். வர்ற வியாழக்கிழமை நம்ம பிள்ளை முடங்கிப்போயிருவாளாம். அதுக்குச் சிரிப்பு வேற!”

மோனிஷாவுக்கு ரெண்டு வயசு. தசையில் தேங்கும் சர்க்கரையைக் கரைக்கிற என்சைம் அவளுக்குப் பிறவியிலேயே இல்லை. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை அதை டிரிப்பில் ஏற்றுகிறார்கள். அதற்கப்புறம்தான் கட்டில் கம்பியைப் பிடித்து நிற்கவே ஆரம்பித்தாள். இன்று பிசியோதெரபிக்காக வந்திருந்தார்கள்.

அஜய் சிரித்தான்.

“நீங்களுமா?”

“ஏ கம்பத்துக்காரி! உங்க கான்வென்ட்ல இங்கிலீஷ் சொல்லிக் குடுத்தாங்க, மலையாளம் சொல்லிக் குடுக்கலை. இங்க கேரளாவுல முடங்கும்னா, நடக்க வேண்டிய காரியம் நின்னுபோகும்னு அர்த்தம். மழை பேஞ்சா எங்க பீர்மேட்டு பஸ்கூடத்தான் முடங்கும். பஸ்ஸுக்கு என்ன, காலா விளங்காமப் போகுது?”

இந்துவுக்கு மூச்சு வந்தது. வந்த வேகத்தில் நின்றது.

“அப்ப... வியாழக்கிழமை டிரிப் நின்னுபோகுமா?”

அஜய்யின் சிரிப்பும் நின்றது.

மகளைத் தூக்கிக்கொண்டு வார்டுக்கு ஓடினார்கள்.

“சிஸ்டர், வியாழக்கிழமை பாப்பாவுக்கு மருந்து இல்லையா?”

“ஆரு சொன்னது சேச்சி? உண்டல்லோ!”

“நீங்கதானே போன்ல முடங்கும்னு...”

ஜெஸ்னா நாக்கைக் கடித்துக்கொண்டாள். தெரிந்த தமிழில் சொன்னாள்.

“நான் லீவு எடுத்தா முடங்கும்னு சொன்னது. கூட வேலை பார்க்கிற பின்சி சிஸ்டருக்குக் காய்ச்சல். அந்த மருந்தைக் குலுக்காம, நுரை வராமக் கலக்க எங்க ரெண்டு பேரை விட்டா இங்க வேற ஆருக்கும் பழக்கம் இல்லை. நான் லீவு எடுக்கலை சேச்சி, வருவேன்.”

இந்துவுக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“என்ன லீவு சிஸ்டர்?”

ஜெஸ்னாவின் முகம் சிவந்தது.

“அன்னிக்கு சர்ச்சுல எனக்குக் கல்யாண நிச்சயம். வேற தேதிக்கு மாத்தச் சொன்னேன். ‘ஆரு அந்த மோனிஷா? நம்ம நிச்சயத்தைவிடப் பெரிய ஆளா?’ன்னு கட்டிக்கப்போறவரு போன்ல சண்டை. எனக்குச் சிரிப்பு வந்துட்டுது.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

ஜெஸ்னா குழந்தையின் கன்னத்தைத் தட்டினாள்.

“அவ இப்பத்தான் எழுந்து நிக்கிறா. ஒரு தடவை நம்மது முடங்கட்டும்னு சொன்னேன்.”