பச்சை அம்பு

மலேசியாவின் புலாவ் செபாங் நிலையத்தில் ரயில் வந்து நிற்கும் ஓசை கிளினிக்குக்குள்ளும் கேட்கிறது. சன்னல் வெயில் அகதாவின் வீங்கிய விரல்களின் மேல் கிடக்கிறது. மூட்டுவாதத்துக்குப் புது ஊசி தொடங்கி மூன்று மாதம். களைப்பு குறைந்திருக்கிறதா என்று இன்று அளக்கிறார்கள். தாதி தேவிஸ்ரீ டேப்லெட்டைப் பார்த்துக் கேள்விகளை வாசிக்கிறாள். "தலை சீவுனா எவ்ளோ களைப்பு ஆண்ட்டி? பத்துக்கு எத்தன?" போன தடவை ஒன்பது. கேட்ட கேள்விக்குப் பொய் சொல்லி அகதாவுக்குப் பழக்கமில்லை. "களைப்பே இல்ல மிசி." "படி ஏறுனா?" தேவாலயத்தில் பாட்டுக்குழு நிற்கும் மேல்மாடம் கண்ணில் வந்து போகிறது. "அதுவும் இல்ல." திரையில் பச்சை அம்பு கீழ்நோக்கி மின்னுகிறது. "எல்லாக் கேள்வியும் சேர்த்து பதினேழு பாயிண்ட் இறங்கியிருக்குலா! நாலு இறங்கினாலே நல்ல மாற்றம்னு அர்த்தம். மருந்து மாத்த வேணாம், இதே ஊசிதான்." அகதா தலையைச் சாய்த்து ஷாலை நழுவவிடுகிறாள். இடுப்புவரை பின்னல் தொங்கிய தலையில் ஒட்ட வெட்டிய நரைமுடி. "கைய தூக்க முடியலன்னு வெட்டிப்புட்டேன். பாட்டுக்கும் போறதில்ல. செய்யாத வேலைக்கு எப்படிம்மா களைப்பு வரும்?" தேவிஸ்ரீ திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்க்கிறாள். "அத எழுத இதுல இடம் இல்லையே ஆண்ட்டி." சொல்லிக்கொண்டே படிவத்தை அனுப்பிவிடுகிறாள். ஷாலை மறுபடி போர்த்திக்கொள்ள அகதாவின் கைகள் எழுகின்றன. காதுவரைகூட எட்டாமல் மடியிலேயே விழுகின்றன.