மூன்றாம் மாடி முயல்

கட்டிலுக்கு அடியில் முயல் இல்லை.

குடியிருப்புச் சங்கத்தின் துணைச் செயலாளர் வயிற்றைத் தரையில் பதித்துப் படுத்து, கைபேசி வெளிச்சத்தில் துழாவிவிட்டு, தலை நிறைய ஒட்டடையோடு எழுந்தார். செயலாளர் அவருக்கு அக்காள் புருஷன். தேர்தல் எல்லாம் முறைப்படிதான் நடந்தது.

"காணோம் மாமா."

"இருக்கும். நல்லா பாரு மாப்ளே."

செயலாளர் சட்டைப்பையில் இரண்டு பேனாவைச் செருகிக்கொண்டு வாசலை அடைத்து நின்றார். சங்கத்தின் ஏழாம் விதியை அவர் படிக்கவில்லை, ஒப்பித்தார். நாலு காலோ இரண்டு காலோ, ரோமமோ இறகோ, எந்தப் பிராணியும் கட்டடத்துக்குள் கூடாது. மீறி வளர்ப்பவர் அறையைக் காலி செய்ய வேண்டும்.

தையல்காரி அடுப்பை அணைக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கட்டில், ஒரு தையல் மெஷின், ஒரு அடுப்பு, ஒரு ஜன்னல். தனியாக வாழும் பெண்ணுக்கு இந்த நகரத்தில் இதுவே கிடைப்பதற்குள் செருப்புத் தேய்ந்துவிட்டது.

"முயலே இல்ல சார்."

"இல்லையா? காய்கறிக் கடையில நின்னுக்கிட்டு, 'அண்ணே, முயலுக்குக் கொஞ்சம் தழை குடுங்க'ன்னு நேத்து நீ கேட்டதை என் ரெண்டு காதாலயும் கேட்டேன்மா!"

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிப்பவர்கள் உண்டு. இவர் பிடிக்காத முயலுக்கே கால் எண்ணிக்கொண்டிருந்தார்.

ஆனால் அவள் கேட்டது உண்மை.

கடைக்காரர் வியாபாரத்தை முடித்து, ஷட்டரைப் பாதி இறக்கிய பிறகுதான் கழித்த தழைகளையும் தண்டுகளையும் ஓரமாகக் கொட்டுவார். அதற்குப் பிறகு குனிந்து உள்ளே நுழைகிறவர்கள் அதற்காக மட்டுமே வருகிறவர்கள். அங்கே யாரும் அடுத்தவர் முகத்தைப் பார்ப்பதில்லை; அது அங்குள்ள மரியாதை. தனக்கு என்றும் யாரும் கேட்பதில்லை. ஒருவருக்கு ஆடு, ஒருவருக்கு வாத்து, ஒருவருக்குக் கிளி. மாடிக்கு மேல் மாடியாக அடுக்கிய ஊரில் இத்தனை ஆடுகள் எங்கே மேய்கின்றன என்று கடைக்காரர் ஒருநாளும் கேட்டதில்லை. "கிளிக்கார ஐயா முந்திட்டார்மா, தண்டெல்லாம் போச்சு" என்று சில நாள் கையை விரிப்பார். அவ்வளவுதான்.

'எனக்கு' என்று கேட்டால் அந்த நல்ல மனிதரின் முகத்தில் பரிதாபம் வந்துவிடும். எதைத் தின்றாலும் செரிக்கிற வயிறு அவளுக்கு. செரிக்காதது அது ஒன்றுதான்.

மற்றபடி அவள் பஞ்சத்துக்குத் தின்கிறவள் அல்ல. காலிஃப்ளவர் தழையைப் பொடியாக அரிந்து, பூண்டைத் தட்டிப் போட்டு, மிளகோடு வதக்கி இறக்கினால், அந்தப் பூவே வெட்கப்பட்டு ஓரமாகப் போய் உட்காரும்.

முயல் உண்டு என்றால் அறை போகும். இல்லை என்றால், தழை யாருக்கு என்று சொல்ல வேண்டும்.

அவள் இரண்டு தட்டுகளை எடுத்து வைத்தாள்.

"உக்காருங்க சார். சாப்பிட்டுக்கிட்டே பேசுவோம்."

இதற்கெல்லாம் மசிகிற ஆள் தானல்ல என்பதைக் காட்டச் செயலாளர் மூக்கை உயர்த்தினார். உயர்த்திய மூக்கில் பூண்டு வாசம் ஏறியது.

உட்கார்ந்துவிட்டார்.

ரொட்டியைப் பிட்டு வதக்கலில் புரட்டி, சூப்பை உறிஞ்சி, கொஞ்ச நேரம் சங்க நடவடிக்கைகள் முழுவதும் வாய்க்குள்ளேயே நடந்தன. மைத்துனர் மூன்றாம் முறையாகத் தட்டை நீட்டினார்.

அவள் பரிமாறிவிட்டு, கரண்டியைக் கீழே வைக்காமலே சொன்னாள்.

"இதுதான் சார் அந்த முயல் தழை. வதக்குனது காலிஃப்ளவர் தழையும் முள்ளங்கி இலையும். சூப்பு பட்டாணித் தோல். முயல் நான்தான். முயல் வளர்க்கக் கூடாதுன்னுதானே விதி? இந்த முயல் தன்னைத் தானே வளர்த்துக்குது. நல்லாவே வளர்த்துக்குது. வேணும்னா அதையும் எழுதிக்கோங்க."

சொல்லிவிட்டுச் செயலாளரின் முகத்தையே பார்த்தாள். அங்கே பரிதாபம் மட்டும் வரட்டும், மீதிச் சூப்பு யார் தலையில் என்று முடிவு செய்துவிடலாம்.

பரிதாபம் வரவில்லை. அந்த முகத்தில் வேறு என்னவோ வந்து, விழுங்க முடியாமல் நின்றது.

மைத்துனருக்கு மட்டும் ஒரே குஷி.

"தழையா! அதானே பார்த்தேன். அச்சு அசல் எங்க அக்கா கைப்பக்குவம் மாமா! உங்க வீட்டுல இதே ருசியில அடிக்கடி சாப்பிட்டிருக்கேனே. என்னக்கா இதுன்னு கேட்டா, 'வெளிநாட்டுக் கீரைடா, நீ வாயை மூடிக்கிட்டுத் தின்னு'ன்னு சொல்லும்."

செயலாளரின் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

அவளுக்கு நேற்றைய ஷட்டர் நினைவுக்கு வந்தது. பாதி இறங்கியிருந்தது. பின்னால் யாரோ குனிந்து நுழைந்தார்கள். மரியாதைக்காக அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"முயல் இல்லைன்னு பதிவு பண்ணிடு மாப்ளே," என்றார் செயலாளர். "அறையைப் பத்தி இனிமே பேச்சே இல்ல. நீ கீழ போ."

மைத்துனர் விரலைச் சப்பிக்கொண்டே படியிறங்கிப் போனார். செயலாளர் அவளை நிமிர்ந்து பார்க்காமல் செருப்பைத் தேடினார். அது காலிலேயே இருந்தது.

சட்டியில் மீதமிருந்ததை அவள் வழித்து ஒரு டப்பாவில் அடைத்து, மூடியை அழுத்தி, அவர் கையில் வைத்தாள்.

"கிளிக்குக் குடுங்க சார்."