ஓரக்கண்ணில் தெரிந்த வெள்ளை நட்சத்திரம்

தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்த பல்லிக்கு இருப்புக்கொள்ளவில்லை. அடிவானத்தில் மங்கலாக ஒரு வெள்ளை நட்சத்திரம் இருப்பதை அது மட்டும்தான் பார்த்திருந்தது. பூச்சிகளிடம் சொல்லலாமென்றால் அவை நின்று கேட்பதில்லை. கடைசியில், எதிர் விளிம்பில் வந்து உட்கார்ந்த ஆந்தையையே கூப்பிட்டுவிட்டது.

"அண்ணே, எனக்குப் பக்கத்துல, அடிவானத்துல அதோ பாருங்க. எரிஞ்சு முடிஞ்ச நட்சத்திரம். உடம்பு சுருங்கிப்போச்சு, சூடு மட்டும் ஆறல. அதான் அவ்வளவு வெள்ளை."

ஆந்தை முட்டைக் கண்ணால் முறைத்துப் பார்த்தது. "ஒண்ணையும் காணோமே! பொய் சொல்லியாடா கூப்பிட்ட? உன்னையே முழுங்கிட்டுப் போறேன்."

பல்லிக்குப் பாதி உயிர் போய்விட்டது. தன் கண் பக்கவாட்டில் இருக்கிறது, ஆந்தையின் கண்ணோ நேர் முன்னால் இருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது.

"நேராப் பார்த்தா அது மறைஞ்சுடும்ணே. என்னைப் பாருங்க, ஓரக்கண்ணுல தெரியும்."

ஆந்தை பல்லியைப் பார்த்தது. "அட, ஆமாடா! உப்புக்கல் மாதிரி!" ஆசையாக அதன் பக்கம் திரும்பியது, காணோம். மறுபடி பல்லியைப் பார்த்தது, வந்துவிட்டது.

"அசையாதே. நீ அசைஞ்சா என் நட்சத்திரம் போயிடும்."

தன் பேச்சை நம்ப ஓர் ஆள் கிடைத்த பூரிப்பில் பல்லி, பக்கத்திலேயே இருந்த விரிசலுக்குள் போகாமல் அப்படியே இருந்தது.

கிழக்கு வெளுத்தது. ஆந்தை இன்னும் கண்ணை எடுக்கவில்லை.

"அண்ணே, நட்சத்திரம் போயிடுச்சே" என்றது பல்லி.

"தெரியும்" என்றது ஆந்தை. "இப்போ நீதான் நல்லாத் தெரியுற."