தூங்குகிறாரா பொறியாளர்?

"இன்னும் கொஞ்சம் காரமா எழுதும்மா. இது என்ன, விருந்துக்குக் கூப்பிடற மாதிரி இருக்கு!"

எதிரே உட்கார்ந்திருந்த நரைமீசைக்காரர் காகிதத்தைத் திருப்பித் தள்ளினார். சட்டத்துறை மாணவிக்குக் கோபம் வரவில்லை. எப்படி வரும்? பல்கலைக்கழக வாசலில் போட்டிருந்த 'உரிமை மேசை'க்கு எட்டு நாளில் மனு எழுத வந்த முதல் ஆள் அவர்தான்.

'அரசியல் சாசனம் அறிவோம், உரிமையை எழுதிக் கேட்போம்' என்று பதாகை எல்லாம் தடபுடலாகத்தான் கட்டியிருந்தாள். வந்தவர்களோ ஜெராக்ஸ் கடை எந்தப் பக்கம் என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ஈ ஓட்டியே கை வலித்தது. தோழிகள் 'மேசை வக்கீல்' என்று பட்டம் சூட்டிவிட்டார்கள். துறைத்தலைவியோ கறாராகச் சொல்லிவிட்டார்: "நாளைக்குள்ள நகராட்சி முத்திரையோட ஒரு மனுவாவது காட்டு. இல்லேன்னா மேசையை எடுத்துடுவேன்."

மேசை அவளுடைய யோசனை. அது போனால் மானமே போன மாதிரி.

"'தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்'னு எழுதியிருக்கியே, தாழ்மையாத்தான் கேக்கணும்னு சாசனத்துல எங்கயாச்சும் இருக்கா?" என்றார் நரைமீசை.

"இல்ல சார். மனு குடுக்கறது உரிமைன்னுதான் இருக்கு."

"அப்புறம் என்ன? அடி அதை!"

அடித்தாள். அவர் சொல்லச் சொல்ல எழுதினாள். பல்கலைக்கழகத்தின் பின்வாசல் தெரு. லேசாகத் தூறினாலே சாக்கடைத் தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிடும். மூன்று குழந்தைகள் காய்ச்சலில் படுத்து எழுந்துவிட்டன.

"இருநூத்திப் பத்தடி நீளத்துக்கு மாத்தணும். இப்ப இருக்கறது ஒன்பது அங்குலக் குழாய். பதினெட்டு வேணும். எழுதிக்கிட்டியா?"

"எப்படி சார் இவ்வளவு கரெக்டா சொல்றீங்க?"

"தினம் அந்தத் தண்ணியில செருப்பைக் கையில பிடிச்சுக்கிட்டு நடந்து பாரு, உனக்கும் மனப்பாடம் ஆயிடும்." சிரித்தார். "இப்ப முக்கியமான வரி. நகராட்சிப் பொறியாளர் நாலு வருஷமா என்ன பண்றார், தூங்குகிறாரான்னு கேளு."

அவள் பேனாவை நிறுத்தினாள். "சார், அவர்கிட்டயே போய் நிக்கப்போறது நான்தான். என்னைப் போட்டு வறுத்துடுவார்."

"நல்லா உறைக்கட்டும். எழுதும்மா."

எழுதி முடித்துப் பேனாவை நீட்டினாள். "கையெழுத்துப் போடுங்க சார்."

அவர் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். "நான் அந்தத் தெருக்காரன் இல்லம்மா. நான் போட்டா செல்லாது. அங்க அறுபது வீடு இருக்கு. ஒரு கையெழுத்துன்னா குப்பைக்கூடைக்குப் போகும். அறுபது வாங்கிட்டுப் போனா யாராலயும் தட்ட முடியாது." எழுந்தவர் திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட்டார்.

அடப்பாவி மனுஷா! இவ்வளவும் எழுத வைத்துவிட்டு நைசாக நழுவிவிட்டாரே என்று அவளுக்கு அழுகையே வந்தது. ஆனால் அழுதால் முத்திரை கிடைக்குமா? மனுவை எடுத்துக்கொண்டு பின்வாசல் தெருவுக்கு ஓடினாள்.

முதல் வீட்டு அம்மா கதவைப் பாதிதான் திறந்தார். "எழுதிக் குடுத்து என்னத்தக் கிழிக்கப் போறாங்க?"

"கடைசி வரியை மட்டும் கேளுங்கக்கா." படித்துக் காட்டினாள்.

"தூங்குகிறாரான்னா கேட்டிருக்கே? அம்மாடி, கெட்டிக்காரிதான்!" விழுந்து விழுந்து சிரித்த அந்த அம்மா கையெழுத்துப் போட்டதோடு, "ஏய், இங்க வாங்கடி!" என்று பக்கத்து வீடுகளையும் கூப்பிட்டார். சாயங்காலத்துக்குள் ஐம்பத்தெட்டுக் கையெழுத்து சேர்ந்துவிட்டது. பூட்டிக் கிடந்த இரண்டு வீடுதான் பாக்கி.

மறுநாள் காலை நகராட்சி அலுவலகம். "தெரு மனுவா? பொறியாளர் ஐயாகிட்ட நேராவே குடுத்துடு" என்று கடைசி அறையைக் காட்டினார் கடைநிலை ஊழியர். அந்தக் கடைசி வரி வெளியே தெரியாதபடி அவள் மனுவை மடித்துக்கொண்டாள். கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனாள்.

பொறியாளரின் முகத்தை விரித்துப் பிடித்த கோப்பு மறைத்திருந்தது. ஒரு கை மட்டும் நீண்டு மனுவை வாங்கியது. கோப்புக்குப் பின்னாலேயே தாள் புரளும் சத்தம். பிறகு டொக்கென்று முத்திரை விழுந்தது. அப்பாடா, மேசை பிழைத்தது!

"சார், அந்தக் கடைசி வரி... கோவிச்சுக்காதீங்க. ஒருத்தர் சொல்லித்தான்..."

கோப்பு இறங்கியது. அதே நரைமீசை!

"நாலு வருஷத்துல பதினோரு தடவை மேலிடத்துக்கு எழுதிட்டேம்மா. 'ஜனங்களே கேக்கல, உமக்கென்னய்யா அவசரம்?'னு திருப்பித் திருப்பி அனுப்பிட்டாங்க. இனிமே அனுப்பட்டும் பார்ப்போம்!" என்று மீசையைத் தடவிக்கொண்டார் பொறியாளர். "எல்லாம் சரி, அந்தத் தூக்க வரியை நீ எழுதறப்ப மட்டும் எனக்கே கொஞ்சம் உறைச்சுது!"