பத்து விநாடி

வீட்டில் ஒரே கணினி. அதில் இரண்டு இயங்குதளங்கள்: கணவன் திருமாறனுக்கு விண்டோஸ், வசுமதிக்கு லினக்ஸ். பொத்தானைத் தட்டியதும் வரும் கறுப்புத் திரையில் அவன் பெயர் மேலே, அவள் பெயர் கீழே. பத்து விநாடிக்குள் யாரும் எதையும் தொடாவிட்டால் மேலே இருக்கும் அவனுடையது தானாகவே திறந்துகொள்ளும். அடுப்பை அணைத்துவிட்டு அவள் வருவதற்குள் எத்தனையோ முறை திறந்திருக்கிறது.

அவன் கோபித்துக்கொண்டு போன மறுவாரமே திரையை மாம்பழ மஞ்சளாக்கினாள். தன் பெயரை மேலே ஏற்றினாள். கீழே போன அவன் பெயரை அழித்துவிட்டு, அந்த இடத்தில் ‘விருந்தினர்’ என்று எழுதினாள்.

இன்று தன் கோப்புகளை எடுத்துப் போக வந்தவன் திரையையே பார்த்தான்.

“என் பேரு எங்க?”

“கீழ இருக்கு பாருங்க, விருந்தினர்னு. அம்புக்குறிய ஒரு தடவ அழுத்தினா போதும்.”

விநாடிகள் குறைந்துகொண்டே வந்தன. விரலை அம்புக்குறியின்மேல் வைத்தவன் அழுத்தாமலே இருந்தான். அவளுடையது திறந்துகொண்டது.