வளையாத நொதி

மில்லில் தவமணி அக்காவுக்குக் களைப்பு வராமலிருக்க ஊசி போட்டார்கள். அதன்பின் உடம்பின் செல்லுக்குள் உணவை எரிக்கும் நொதி, வரும் உணவுக்கேற்ப வளைந்துகொடுக்கவில்லை. மில்லில் தரும் கம்பெனி மாவு மட்டுமே அதற்குப் பொருந்தும்; சோறு தின்றால் உடம்பில் ஒட்டாது. என்னிடம் மட்டும் இதைச் சொன்னவள், அம்மாவிடம் மறைத்து, கேண்டீனில் சாப்பிடுவதாகச் சொல்லிவந்தாள்.

மில்லை மூடியதும் மாவு நின்றது. வெளியில் கிடைக்காது. வீட்டிலேயே சாப்பிட ஆரம்பித்தாள் அக்கா.

இன்று அம்மா மொச்சைக் குழம்பை அள்ளி ஊற்றினாள்.

"மில்லு போனா போவுது. எம்புள்ள வீட்டுச் சோறு திங்குதே!"

"இன்னுங் கொஞ்சம் போடும்மா."

"அடியே, கட்டிக்கப்போறவன் பயந்து ஓடிருவான்டி."

அக்கா சிரித்தாள். கை கழுவ எழுந்தவள் தடுமாறி என் தோளைப் பிடித்தாள். கை சில்லென்று இருந்தது.

"அம்மா மூஞ்சியப் பாத்தியாடி?" என்றாள் மெல்ல. "ராத்திரிக்கும் கேட்டு வாங்கணும்."