நடுவில் உட்கார்ந்தவள்

"அந்த எடம் என்னோடது சார். அங்கன ஒக்காந்திருக்க வேண்டியவ நானு."

அன்னத்தாய் சொன்னதைக் கேட்டு இம்மானுவேல் சார் சிரித்தார். மிஷன் பள்ளியின் நூற்றாண்டு விழாவுக்குப் பழைய படங்களைத் தேடிப் பிடித்து மாட்டியவர் அவர்தான். அது 1938இல் வெள்ளைக்காரப் பாதிரியார் எடுத்த படம். வெள்ளைக் கவுன் போட்ட சிறுமிகள். நடுவில், கையில் புத்தகத்தோடு, அன்னத்தாயின் அக்கா பவுனு.

"அதுக்கென்னம்மா? ஒங்க அக்காதான! படத்துல இருக்கறவுகள்ல உசுரோட இருக்கறது அவுக மட்டுந்தான். மேடையில பொன்னாடை போடுறோம்."

"மொத மார்க்கு வாங்குனவளத்தான் நடுவுல வைப்பாக. வாங்குனது நானு. கவுனும் எனக்குத் தச்சது. கேளுங்க அவகிட்ட!"

பவுனு நாற்காலியில் வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள். சார் மைக் பார்க்க நழுவினார்.

பவுனு மூத்த தாரத்து மகள். ஆத்தா பெற்றது அன்னத்தாயைத்தான். ஆனாலும் படம் எடுத்த அன்று ஆத்தா பள்ளிக்கூடத்துக்குள் ஓடிவந்து, அன்னத்தாயின் கவுனைக் கழற்றிப் பவுனுக்குப் போட்டு, நடுவில் உட்கார வைத்தாள். மாற்றாந்தாய் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று சின்னமனூர் வரைக்கும் பேச்சு.

"பெத்தவளுக்கு நான் மாத்தாம்புள்ளையாயிட்டேன்" என்றாள் அன்னத்தாய். "அறுவது வருசமா வயிறெரியுதுக்கா. ஒன் கல்யாணத்தன்னிக்குக் காச்சல்னு பொய் சொல்லிப் படுத்துக்கிட்டேன், தெரியுமா?"

"தெரியும்."

"இன்னிக்கும் பொன்னாடை ஒனக்குத்தான். அப்படி என்ன சொக்குப்பொடி போட்ட ஆத்தாளுக்கு?"

பவுனு எழுந்து போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தாள்.

"நீ அப்பச் சின்னப் புள்ள, வெவரம் தெரியாது. முந்துன வாரந்தான் மார்க்கையன்கோட்டையில போட்டோவுக்கு நின்ன புள்ள ஒண்ணு செத்துப்போச்சு. அந்தப் பொட்டி ஆயுச உறிஞ்சிரும்னு ஊரே பயந்து கெடந்துச்சு. அதுலயும் நடுவுல ஒக்காறவுகளத்தான் மொதல்ல உறிஞ்சுமாம். ஒன்னய அங்கன வச்சிருக்காகன்னு கேட்டுத்தான் ஆத்தா ஓடியாந்தா. எடத்தக் காலியா விட முடியாதுன்னு பாதிரியார் சொல்லிட்டாரு."

அன்னத்தாய் திரும்பி, மாட்டியிருந்த படத்தைப் பார்த்தாள்.

"கவுனப் போட்டுவிட்டு, தலையச் சீவிவிட்டு, முத்தங்கூடக் குடுத்தா" என்றாள் பவுனு. "ஆத்தா எனக்கு முத்தம் குடுத்தது அன்னிக்கு ஒருநாதான்டி."